ஆட்டுத் தொடையில் நீல முத்திரை, பேரூராட்சியில் கட்டணம்: இரண்டையும் யார் ஒத்துப் பார்ப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். மதுரைக்கு மேற்கே ஒரு பேரூராட்சியில் குடியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கப் போனால், தொங்கும் ஆட்டின் தொடையில் ஒரு வாரம் நீல முத்திரை இருக்கிறது, மறுவாரம் இல்லை. கடைக்காரரைக் கேட்டால் "ஆட்டுக்கு இவ்வளவுன்னு பேரூராட்சிக்குக் கட்டிக்கிட்டுத்தாண்ணே இருக்கோம்" என்கிறார். டவுனில் வாங்கும் பாக்கெட் கறியில் பொடி எழுத்தில் வரிவரியாக எழுதியிருக்கிறது, இங்கே ஒரு எழுத்துகூட இல்லை. இது சட்டப்படி சரியா, அந்தக் கட்டணம் எங்கே போகிறது, அரசாங்கத்தில் யாராவது கணக்குக் கேட்கிறார்களா என்கிறீர்கள். கறிக்கு ஒரு கேள்வி, காசுக்கு ஒரு கேள்வி மாதிரி தெரிந்தாலும், இரண்டும் ஒரே பதிவேட்டில் போய் முடிகிற கேள்விகள்.

நான் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மதுரை, தேனி, விருதுநகர் என்று சுற்றிச் சுற்றி இந்தப் பக்கத்து நகராட்சி, பேரூராட்சிக் கணக்குகளைத்தான் புரட்டினேன். அதனால் பணத்தைப் பற்றி அடித்துச் சொல்வேன். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை, வேலைக்குத் தேவைப்பட்ட அளவுக்குப் படித்திருக்கிறேன். கறி நல்ல கறியா என்பது கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டியது. எங்கள் வீட்டிலேயே கறி எடுக்கும் பொறுப்பு என் மனைவியுடையது, என்னை நம்பி அனுப்பியதில்லை.

முத்திரையிலிருந்து ஆரம்பிக்கலாம். அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணையில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கக்கூடிய வேலைகள் 18 இருக்கின்றன. கடைசியாக நிற்பது இறைச்சிக்கூடங்களையும் தோல் பதனிடும் இடங்களையும் ஒழுங்குபடுத்துவது. அதற்கு மேல், விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001இல் வந்த இறைச்சிக்கூட விதிகள் இருக்கின்றன. நகராட்சி எல்லைக்குள் அங்கீகாரம் பெற்ற கூடத்தில் தவிர வேறெங்கும் ஆடு அறுக்கக் கூடாது, சினை ஆட்டையும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டியையும் அறுக்கக் கூடாது, மருத்துவர் சான்று வேண்டும் என்று அவை சொல்கின்றன. ஒரு மருத்துவர் மணிக்கு 12 ஆட்டுக்கு மேல், நாளைக்கு 96க்கு மேல் பரிசோதிக்கக் கூடாது என்று எண்ணிக்கைகூட எழுதிவைத்திருக்கிறார்கள். அறுப்பதற்கு முன்னால் உயிரோடு ஒருமுறை, அறுத்தபிறகு ஈரல், நுரையீரல், குடலைப் பார்த்து ஒருமுறை. இரண்டும் சரியாக இருந்தால் தொடையிலோ முதுகிலோ முத்திரை. ஆக, "இந்த ஆட்டை இன்றைக்குப் பார்த்தோம், சாப்பிடலாம்" என்பதுதான் முத்திரைக்கு அர்த்தம். எடை, வயது, வெள்ளாடா செம்மறியா, கடைக்கு வந்தபின் எத்தனை மணி நேரம் வெயிலில் தொங்கியது என்பதற்கெல்லாம் முத்திரை பொறுப்பில்லை.

மதுரை மாநகராட்சிக்கு அனுப்பானடியில் கூடம் இருக்கிறது. உங்கள் ஊர் மாதிரி இடங்களில் "ஆடு அடிக்கும் தொட்டி" என்று ஏல அறிவிப்பில் மட்டும் பெயர் வரும், போய்ப் பார்த்தால் ஒரு சிமெண்ட் தரையும் தண்ணீர் வராத குழாயும் இருக்கும். ஆடு கடைக்குப் பின்னாலேயே அறுபடும். அப்படி அறுத்த ஆட்டில் முத்திரை இருக்காது, அல்லது முத்திரைக்கட்டை ஆடு இருக்கும் இடத்துக்கு நடந்து வந்திருக்கும். ஒரு வாரம் இருந்து மறுவாரம் இல்லாமல் போவதற்கு இந்த இரண்டில் ஒன்று காரணமாக இருக்கலாம். உங்கள் ஊரில் எது என்று இங்கே உட்கார்ந்து நான் சொல்ல முடியாது, பதிவேடுதான் சொல்லும்.

லேபிளுக்கு வருகிறேன். கண் முன்னால் வெட்டி, நிறுத்து, பையில் போட்டுக் கொடுக்கும் கறிக்கு லேபிள் தேவையில்லை. அதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. முன்கூட்டியே அடைத்து, பிரிக்காமல் உள்ளே இருப்பதை மாற்ற முடியாது என்ற நிலையில் விற்பதற்குத்தான் 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிகள். பொருளின் பெயர், நிகர எடை, அடைத்த தேதி, எதற்குள் பயன்படுத்த வேண்டும், எந்தக் குளிரில் வைக்க வேண்டும், அடைத்தவர் முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) உரிம எண், அசைவக் குறி எல்லாம் அதில் இருக்க வேண்டும். அசைவக் குறி முன்பு கட்டத்துக்குள் பழுப்பு வட்டம், புதிய விதியில் பழுப்பு முக்கோணம். நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று மாற்றினார்கள், நல்ல மாற்றம். உரிம எண் 14 இலக்கம். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வணிகருக்கான பதிவு. நான்காவது, ஐந்தாவது இலக்கங்கள் எந்த ஆண்டில் கொடுத்தது என்பதைக் காட்டும். பொய்யாகவோ அரைகுறையாகவோ லேபிள் ஒட்டினால் மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். ஆனால் ஆடு எந்த ஊரில் வளர்ந்தது என்று அந்த லேபிள் சொல்லாது, அதைச் சொல்லும்படி விதியும் கேட்கவில்லை.

கறிக்கடைக்கு லேபிள் இல்லையே தவிர பதிவு உண்டு. நாளைக்குப் பத்து ஆடு அல்லது ஐம்பது கோழி வரை அறுப்பவருக்குப் பதிவுச் சான்று, அதற்கு மேல் உரிமம். அந்தச் சான்றைக் கடையில் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகும்போது முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் தேடிப் பாருங்கள்.

நம்மவர்கள் லேபிள் இல்லாமலே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் தோலை உரித்தாலும் வாலை விட்டுவைப்பார். குட்டையாக நிமிர்ந்து நிற்பது வெள்ளாடு, தொங்குவது செம்மறி. கிடா என்பதற்கும் ஓர் அடையாளத்தை அறுக்காமல் விட்டிருப்பார், விளக்க வேண்டியதில்லை. திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு பிடித்துப் பழகிய பெரியவர்கள் இதைப் பார்த்துவிட்டுத்தான் "ஒரு கிலோ போடு" என்பார்கள். மட்டன் என்று போர்டு எழுதினால் எல்லாம் ஒன்றுதானே. இந்த அடையாளம் இல்லாமல் கறி பயணம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018 நவம்பரில் சென்னை எழும்பூரில் நடந்தது உதாரணம். ஜோத்பூரிலிருந்து ரயிலில் வந்த இரண்டாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட கறியைப் பிடித்தார்கள். நாய்க்கறி என்று ஒரே நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கால்நடை மருத்துவக் கல்லூரி சோதித்து, ஆட்டுக்கறிதான் என்று சொன்னது. ஆனால் அதற்குள் கறி வியாபாரம் படுத்துவிட்டது. நல்ல கறியையே சந்தேகப்பட வைத்தது, அது எங்கிருந்து, யார் பார்த்து வந்தது என்று காட்டும் காகிதம் சரியாக இல்லாததுதான்.

இப்போது காசு. ஆட்டுக்கு இவ்வளவு என்ற கட்டணத்தை உங்கள் பேரூராட்சி மன்றம் தீர்மானம் போட்டு நிர்ணயிக்கிறது. அதை வசூலிக்க இரண்டு வழி. ஊழியரே ரசீதுப் புத்தகம் வைத்து வசூலித்து, செலானில் கட்டி, ரொக்கப் பதிவேட்டில் ஏற்றுவது ஒன்று. ஏப்ரல் முதல் மார்ச் வரை குத்தகைக்கு ஏலம் விடுவது இன்னொன்று. வாரச்சந்தை, பேருந்து நிலையக் கழிப்பறை, தொட்டி எல்லாம் இந்தக் குத்தகை இனங்களில் வரும். இரண்டாவது வழியில் பேரூராட்சிக்கு ஆண்டுக்கு ஒரு தொகை வந்துவிடும், தலைவலி இல்லை. தணிக்கைக்காரனுக்கும் வேலை சுருங்கிவிடும். ஏலம் முறைப்படி நடந்ததா, வைப்புத்தொகை வாங்கினார்களா, தவணை நிலுவை இருக்கிறதா என்பதோடு முடிந்தது. எத்தனை ஆடு என்ற எண்ணிக்கை கணக்கிலிருந்தே மறைந்துபோகும். எனக்கு இந்தக் குத்தகை முறை பிடிக்காததற்கு இதுதான் காரணம். கட்டணம் வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடலாம், ஆட்டைப் பரிசோதிக்கும் கடமையைக் குத்தகைக்கு விட முடியாது. நடைமுறையில் இரண்டும் சேர்ந்தே போய்விடுகின்றன.

முதல் வழியில் என்ன நடக்கும் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2006 வாக்கில், ஒரு பேரூராட்சி, பெயர் வேண்டாம். ஆண்டுத் தணிக்கைக்குப் போயிருந்தோம். மின்விசிறி ஓடாத அறை. காலிக்கோ அட்டை போட்ட ஆடுவதைப் பதிவேட்டை, அதாவது அன்றன்றைக்கு அறுத்த ஆட்டுக் கணக்கை, கொண்டுவந்து வைத்தார்கள். தேதி, ஆட்டின் எண்ணிக்கை, ரசீது எண், தொகை, மருத்துவர் கையெழுத்து. கூட்டல் எல்லாம் சரி. ரசீதுப் புத்தக இருப்பும் சரி. இரண்டு முறை புரட்டிய பிறகுதான் உறைத்தது: எல்லா நாளும் 14 ஆடு. செவ்வாய்க்கிழமை 14, ஞாயிற்றுக்கிழமை 14. புரட்டாசி சனிக்கிழமை 14. தீபாவளி அன்றைக்கும் 14. அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி ஜெயந்திக்குக் கறிக்கடையே திறக்கக் கூடாத நாள், அன்றைக்கும் 14. மருத்துவர் கையெழுத்து மாதம் முழுக்க ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தது. எழுத்தரைக் கேட்டேன். "ஆவரேஜ் போட்டிருக்கோம் சார்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

மதியம் டீ குடிக்கப் போன இடத்துக்கு எதிரே ஒரு தோல் மண்டி. ஆட்டைப் பற்றி யார் பொய் சொன்னாலும் தோல் வியாபாரி நோட்டு பொய் சொல்லாது, ஏனென்றால் ஒவ்வொரு தோலுக்கும் அவர் காசு கொடுக்கிறார். பேச்சுக் கொடுத்தபோது, உப்புக்கறை படிந்த நோட்டை அவரே திருப்பிக் காட்டினார். தீபாவளிக்கு 61 தோல். அப்போது கட்டணம் ஆட்டுக்குப் பத்து ரூபாய். 47 ஆட்டுக்கு 470 ரூபாய் அன்றைக்கு மட்டும் கணக்கில் வரவில்லை. தனியார் நோட்டைச் சான்றாகச் சேர்க்க எனக்கு வழியில்லை. ஆகவே அக்டோபர் 2ஐப் பிடித்துக்கொண்டேன். தடை நாளில் ஆடு அறுத்திருந்தால் அது தவறு, அறுக்கவில்லை என்றால் பதிவேடு பொய், எது என்று விளக்கம் தரவும் என்று தணிக்கைத் தடை, அதாவது ஆட்சேபம், எழுதினேன். "தவறுதலாகப் பதியப்பட்டுவிட்டது" என்று பதில் வந்தது. பிறகு எங்கள் துறையும் பேரூராட்சியும் சேர்ந்து உட்கார்ந்த ஒரு கூட்டமர்வில், சம்பந்தப்பட்டவரிடம் ஒரு சிறு தொகையைக் கட்ட வைத்து, அந்த ஆட்சேபப் பத்தி கைவிடப்பட்டது. காசைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

ஆனால் அந்த 47 ஆட்டை எந்த மருத்துவரும் பார்க்கவில்லை. எங்கள் அறிக்கையில் அதை எழுத இடமே கிடையாது. நாங்கள் எழுதுவது இழப்பு எவ்வளவு ரூபாய் என்று. 470 ரூபாய் இழப்பு எந்த மேசையிலும் யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்காது. ரசீது போடாத ஒவ்வொரு ஆடும் பரிசோதிக்காத ஆடு என்பதைக் கணக்குப் பார்க்கிறவர்கள் யோசிப்பதில்லை, கறியைப் பார்க்கிறவர்கள் ரசீதைக் கேட்பதில்லை. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் உண்மையான பதில் இதுதான்.

யார் யார் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் சட்டப்படி தணிக்கையாளர், நிதித் துறையின் கீழ் உள்ள எங்கள் துறை. 2014இல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் ஆட்கள் தேர்ந்தெடுத்த சில இடங்களைச் சோதனையாகப் பார்ப்பார்கள், எங்களுக்குத் தொழில்நுட்ப வழிகாட்டுதலும் தருவார்கள். கிராம ஊராட்சி என்றால் கதை கொஞ்சம் வேறு. அங்கே ஊரக வளர்ச்சித் துறையின் துணை வட்டார வளர்ச்சி அலுவலர் தணிக்கை செய்வார், மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர், கிராம சபையில் வரவு செலவை வாசிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5உடன் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். கேள்வி கேட்க ஊர்த் தலைவர் இல்லாத காலத்தில் கணக்கைக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். இதற்கெல்லாம் மேல், 2021-26க்கான 15ஆவது நிதிக் குழு, தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் போட்டால்தான் மானியம் என்று நிபந்தனை வைத்தது. அதற்குப் பிறகுதான் பல ஊர்களின் கணக்கு வேகமாக முடிந்தது. அறிவுரை செய்யாததை மானியம் செய்தது.

இத்தனை கண் இருந்தும் தப்புகிறதே என்றால், தணிக்கை என்பது நடந்து முடிந்தபின், காகிதத்தில், மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்ப்பது. பதிவேட்டில் ஏறாத ஒன்று எங்கள் கண்ணில் படாது. மதுரை மாநகராட்சியிலேயே அதிகாரிகளின் கடவுச்சொல்லை வைத்துக் கட்டடங்களுக்குச் சொத்து வரியைக் குறைத்துப் பதிந்த விவகாரம் 2025இல் கைதுகள் வரை போனதே, நினைவிருக்கும். குறைத்துப் பதிந்த பிறகு கேட்பும் (வர வேண்டிய வரி) வசூலும் நிலுவையும் அழகாக ஒத்துப்போகும். கூட்டல் சரியாக இருப்பதை வைத்துக் கணக்கு சரி என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் நம் ஊரில் வேண்டாம்.

கறிப் பக்கம் பார்க்க வேண்டியவர்களும் சிதறிக் கிடக்கிறார்கள். ஆட்டைப் பார்ப்பவர் கால்நடை உதவி மருத்துவர். கூடத்தையும் சுத்தத்தையும் பார்ப்பவர் உள்ளாட்சியின் துப்புரவு ஆய்வாளரோ சுகாதார ஆய்வாளரோ. கடைப் பதிவும் பாக்கெட் லேபிளும் உணவுப் பாதுகாப்பு அலுவலருடையது. தராசு தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளருடையது. ஆட்டு முத்திரைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, பெயரைப் பார்த்து ஏமாந்து அவரிடம் மனுக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்? கறி கெட்டுப்போனது, வேறு எதையோ கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகம் இருந்தால் கணக்குப் பக்கமே போகாதீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுங்கள். வாங்கிய பொருளைக் கட்டணம் கட்டிச் சோதிக்கக் கொடுக்கவும் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40ஆம் பிரிவில் உங்களுக்கு உரிமை உண்டு, மதுரையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. கறி அதற்குள் கெடாமல் எப்படிக் கொடுப்பது என்பதை முதலில் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

காசுதான் கேள்வி என்றால், பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். "ஊழல் நடக்கிறதா" என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். கட்டணத்தை நிர்ணயித்த மன்றத் தீர்மானத்தின் நகல், குத்தகையாக இருந்தால் ஏல ஒப்பந்தத்தின் நகல், கடைசியாக வந்த தணிக்கை அறிக்கையும் அதற்குப் பேரூராட்சி கொடுத்த பதில்களும் கேளுங்கள். ஆடுவதைப் பதிவேட்டை மட்டும் நகல் கேட்காமல், பிரிவு 2(j)இன்படி நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். நகலில் எண்ணிக்கை தெரியும், எல்லாக் கையெழுத்தும் ஒரே நாளில் போட்டதா என்பது அசலில்தான் தெரியும். குத்தகைக்கு விட்டுவிட்டோம், பதிவேடு எங்களிடம் இல்லை என்று பதில் வந்தால், அப்படியானால் பரிசோதனைச் சான்றுகள் எங்கே என்று அடுத்த மனு போடுங்கள். பதிவேடு கைக்கு வந்தால் முதலில் தீபாவளிப் பக்கத்தைத் திருப்புங்கள், அடுத்து புரட்டாசி.